கூலி எங்களிடம் குறைவுதானே, ஓடர்கள் ஏன் வேறிடம் போகின்றன?

தண்ணீரூற்றான் எழுதியது:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தின் சில கிராமங்களிலிருந்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலையாட்களை ஏற்றி இறக்கும் பேருந்து ஒன்றை ஒப்பந்தத்தில் ஓடவிட்டிருக்கிறேன். விடியற்காலை ஐந்தரைக்கு முதலாவது பிள்ளை ஏறினால்தான் கடைசித் தரிப்பிடத்தில் நிற்பவரையும் ஏற்றிக்கொண்டு மணியடிப்பதற்கு முன் வாசலில் இறக்க முடியும். 2025 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஓ.ரி. (மேலதிக நேர வேலை) அநேகமாக இல்லை. மாலை ஓ.ரி.யும் குறைந்துவிட்டது. கேட்டால் சுப்பவைசர்மார் "அமெரிக்க வரி" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

என் பேருந்தில் வரும் பிள்ளைகளிடையே உலாவும் விளக்கம் வேறு. பங்களாதேஷில் சம்பளம் எங்களதிலும் குறைவு, அதனால்தான் ஓடர் அங்கே போகிறது என்கிறார்கள். எனக்கு இது பொருந்தவில்லை. 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது, டொலரில் பார்த்தால் எங்கள் கூலி ஏறத்தாழ அரைவாசியாகியது. அப்படியானால் உலகத்து ஓடர்கள் எல்லாம் வன்னிக்கல்லவா வந்திருக்க வேண்டும்? கூலியைத் தவிர வேறு எவை இந்தப் போட்டியைத் தீர்மானிக்கின்றன என்பதை இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். இரண்டாவது பேருந்து ஒன்றை லீசிங்கில் எடுக்கும் யோசனையும் இருப்பதால் இதை வெறும் பொதுஅறிவுக்காகக் கேட்கவில்லை.

ஓமந்தையூரான் எழுதியது:

கொழும்பில் மேர்ச்சன்டைசராக, அதாவது கொள்வனவாளருக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் ஓடரைக் கையாள்பவனாக, வேலை செய்பவன் என்ற வகையில் என் பக்கத்துக் கணக்கைச் சொல்கிறேன். கொள்வனவாளர் ஒருவர் பார்ப்பது எங்கள் கூலியை அல்ல. துணி, தையல், கப்பல், வரி எல்லாம் சேர்ந்து அந்த ஆடை தன் களஞ்சியத்துக்கு வந்து சேரும்போது என்ன விலையாகிறது என்பதையே அவர் பார்க்கிறார். அந்த மொத்த விலையில் தையற் கூலி மிகச் சிறிய பங்கு. துணியின் விலையே பெரும்பங்கு. அதற்கு அடுத்து நிற்பது பல வேளைகளில் சுங்க வரி.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். பருத்திப் பின்னல் ரீசேட்டுக்கு அங்கே வழமையான இறக்குமதி வரி 16.5 சதவீதம். செயற்கை இழையிலான அதே சட்டைக்கு 32 சதவீதம். இது நெடுங்காலமாகவே உள்ள வரி. இதற்கு மேலாகத்தான் 2025 ஏப்ரல் 2 அன்று இலங்கைக்கு 44 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஜூலையில் 30 என்றார்கள். ஓகஸ்ட் 7 இலிருந்து 20 என்று நடைமுறைக்கு வந்தது. துறைமுக விலை நான்கு டொலர் என்று வைத்துக்கொண்டால், பருத்திச் சட்டைக்கு முன்பு 66 சதமாக இருந்த வரி 1 டொலர் 46 சதமாகியது. செயற்கை இழைச் சட்டைக்கு 2 டொலர் 8 சதம். எங்கள் தொழிற்சாலைகள் பெயர் வாங்கியிருப்பது உள்ளாடைகளிலும் விளையாட்டு உடைகளிலும். அவற்றில் பெரும்பாலானவை செயற்கை இழை என்பதால் இரண்டாவது கணக்குத்தான் எங்களுக்கு நெருக்கமானது.

ஆனால் இந்த 20 சதவீதத்தால் நாங்கள் பங்களாதேஷிடம் தோற்றோம் என்று சொல்ல முடியாது. 2025 ஓகஸ்டில் பங்களாதேஷுக்கும் 20, வியட்நாமுக்கும் 20, பாகிஸ்தான், இந்தோனேசியா, கம்போடியா ஆகியவற்றுக்கு 19 என்றே விதித்தார்கள். இந்தியாவுக்கோ 2025 ஓகஸ்ட் 27 இலிருந்து 50 ஆகியது. எல்லாரும் ஏறத்தாழ ஒரே சுமையைத் தூக்கும்போது சுமை யாரையும் முந்தவிடாது. கடையில் விலை கூட, வாங்குபவர் ஆறு சட்டை வாங்கும் இடத்தில் நான்கை வாங்குவார். எங்கள் ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஆகவே உங்கள் ஞாயிறு ஓ.ரி. வேறொரு நாட்டுக்குப் போனது என்பதைவிட, அங்குள்ள கொள்வனவாளர்கள் ஓடரைச் சுருக்கியதில் கரைந்தது என்பதே சரியாக இருக்கும்.

பங்களாதேஷிடம் நாங்கள் உண்மையில் பின்தங்குவது ஐரோப்பாவில். அங்கே ஆடைக்கான பொது வரி 12 சதவீதம். ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஐரோப்பிய வரிச் சலுகையால் எங்களுக்கு அது பூச்சியம். பங்களாதேஷுக்கும், மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடு என்ற வகையில், பூச்சியம். ஒன்றுபோலத் தெரிந்தாலும் நிபந்தனை வேறு. பங்களாதேஷ் எந்த நாட்டுத் துணியை வாங்கி வெட்டித் தைத்தாலும் 2011 ஜனவரியிலிருந்து அது பங்களாதேஷ் ஆடையாகவே ஏற்கப்படுகிறது. நாங்களோ துணியையும் இங்கேயே நெய்திருக்கவோ பின்னியிருக்கவோ வேண்டும். சீனத் துணியைக் கொண்டுவந்து கிளிநொச்சியில் எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும் ஐரோப்பியச் சுங்கத்தின் கண்ணில் அது சலுகைக்குரிய இலங்கை ஆடை அல்ல. முழு 12 சதவீதத்தையும் கட்டவேண்டும். நான்கு டொலர்ச் சட்டைக்கு அது 48 சதம். சார்க் நாடுகளின் துணியைச் சேர்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இதனால்தான் சலுகை கையில் இருந்தும் எங்கள் ஆடைகளில் கணிசமான பங்கு அதைப் பயன்படுத்தாமலே போகிறது. பிரித்தானியா 2025 ஜூலையில் தன் விதியைத் தளர்த்துவதாக அறிவித்தபோது எங்கள் அலுவலகத்தில் இனிப்புக் கொடுத்தார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள்.

கனகபுரம் அக்கா எழுதியது:

ஓமந்தைத் தம்பி சொன்னதில் பெரும்பாலானதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூலி சிறிய பங்கு என்று சொல்லிவிட்டுக் கடந்து போவதை ஏற்க முடியவில்லை. நான் லைனில் மெஷின் ஒப்பரேட்டராகச் சேர்ந்து சுப்பவைசராக வெளியே வந்தவள்.

முதலில் சம்பளக் கதையை முடித்துவிடுவோம். பங்களாதேஷில் ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து 12,500 டாக்கா. இங்கே தனியார் துறையின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாயாகவும் ஆக்கப்பட்டது. டொலரில் மாற்றிப் பாருங்கள், இரண்டும் நூறை ஒட்டித்தான் வரும். எங்கள் பிள்ளைகள் வரவுக் கொடுப்பனவு, ஊக்கத்தொகை எல்லாம் சேர்த்து இதைவிடக் கூடுதலாக எடுக்கிறார்கள், அதற்கு மேல் நிர்வாகம் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் கட்டுகிறது என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் "அங்கே பாதிச் சம்பளம்" என்ற பேச்சு சரியல்ல.

தொழிற்சாலை விலை கூறுவது மாதச் சம்பளத்தை வைத்தல்ல, நிமிடத்தை வைத்து. ஒவ்வொரு ஆடைக்கும் இத்தனை நிமிடம் என்று ஒரு நியம நேரம் உண்டு. கணக்குக்காக ஒரு சட்டைக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று வைப்போம். இருபது பேர் உள்ள லைனுக்கு எட்டு மணித்தியாலத்தில் 9,600 நிமிடம். லைன் 60 சதவீத வினைத்திறனில் ஓடினால் 480 சட்டை இறங்கும். 45 சதவீதத்தில் ஓடினால் 360. ஆட்களும் அவர்களே, மின்சாரமும் அதே, உங்கள் பேருந்தும் அதே. ஒருவருக்கு எல்லாச் செலவும் சேர்த்து மாதம் 45,000 ரூபாய், மாதத்தில் 25 நாள் வேலை என்று வைத்தால், முதலாவது லைனில் ஒரு சட்டையின் தையற் கூலி 75 ரூபாய், இரண்டாவதில் 100 ரூபாய். சம்பளத்தில் ஒரு சதமும் மாறவில்லை, சட்டையின் கூலி மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது.

இந்த வினைத்திறன் ஏன் விழுகிறது என்பதைப் பற்றி முகாமையாளர்கள் கூட்டங்களில் சொல்வதெல்லாம் பிள்ளைகளின் லீவைப் பற்றித்தான். பெரும்போக அறுவடைக் காலத்திலும், வற்றாப்பளைப் பொங்கலன்றும், மடுத் திருவிழா நாட்களிலும் லைனில் கதிரைகள் காலியாகும் என்பது உண்மையே. ஆனால் அவை முன்கூட்டியே தெரிந்த நாட்கள். அவற்றுக்கு ஏற்பத் திட்டமிட முடியும். நான் பார்த்த பெரிய இழப்பு ஓடர் மாறும்போது ஏற்படுவது. கொள்வனவாளர்கள் இப்போது சிறிய ஓடர்களாகப் பிரித்துப் பிரித்துத் தருகிறார்கள். கை ஒரு தையலுக்குப் பழகி டார்கெட்டைத் தொடும் வேளையில் அந்த ஸ்ரைல் முடிந்துவிடும், அடுத்ததற்கு மெஷின்களை இடம் மாற்றவேண்டும். ஒருமுறை கழுத்துப்பட்டி வைக்கும் மெஷினுக்குரிய சிறிய மடிப்புக் கருவி ஒன்று கொழும்பிலிருந்து வந்து சேராததால் ஒரு லைன் முழுவதும் அரைநாள் நூல்முனை வெட்டிக்கொண்டு இருந்தது. அங்கே உற்பத்தியைத் தடுத்தது கொழும்பிலிருந்து வரும் நீண்ட வீதி. துணியும் பொத்தானும் அதே வீதியால் வரவேண்டும், தைத்து முடித்த பெட்டிகளும் அதே வீதியால் துறைமுகத்துக்குத் திரும்பவேண்டும். கட்டுநாயக்காவில் இருக்கும் தொழிற்சாலைக்கு இந்தச் செலவு இல்லை.

தண்ணீரூற்றுத் தம்பியின் பேருந்துக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வரிச் செய்தியைப் பார்த்து லீசிங் எடுக்கவும் வேண்டாம், பயந்து கைவிடவும் வேண்டாம். அந்தத் தொழிற்சாலையின் ஓடர் அமெரிக்காவுக்குப் போகிறதா, ஐரோப்பாவுக்கா, பிரித்தானியாவுக்கா என்று பெட்டியில் ஒட்டும் லேபலைப் பார்த்தாலே உங்கள் பேருந்தில் வரும் பக்கிங் பிள்ளை சொல்லுவாள். துணி எங்கிருந்து வருகிறது என்பதை ஸ்ரோர்ஸில் கேளுங்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஓடரை இங்கே பின்னிய துணியில் தைக்கிறார்கள் என்றால் அந்த வேலை எளிதில் நகராது. ஒப்பந்தத்தில் ஓ.ரி. ஓட்டத்தை நம்பிக் கட்டணம் பேசாமல், வழமையான நாளின் ஓட்டத்துக்கே தவணைப்பணம் வருமா என்று பாருங்கள். டீசல் விலை மாறினால் கட்டணம் மாறும் என்ற வரியும் அதில் கட்டாயம் இருக்கவேண்டும். 2022 இல் அந்த வரி இல்லாமல் பட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

வவுனியா பொருளியல் ஆசிரியர் எழுதியது:

இருவரும் நிகழ்காலத்தைச் சொன்னார்கள். இத்தொழில் வன்னிக்கு எந்தக் காலத்தில் வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

1974 இலிருந்து பல்லிழை ஒப்பந்தம் என்ற ஏற்பாட்டின் கீழ் செல்வந்த நாடுகள் ஒவ்வோர் ஏற்றுமதி நாட்டுக்கும் ஆடைகளில் இவ்வளவுதான் என்று பங்கு ஒதுக்கி வந்தன. ஹொங்கொங், தென்கொரியா போன்றவற்றின் பங்கு நிரம்பியதும் அங்குள்ள முதலாளிகள் நிரம்பாத பங்கைத் தேடிக் கொழும்புக்கு வந்தார்கள். 1978 இல் கட்டுநாயக்கா வலயம் திறக்கப்பட்டது, 1992 இல் ஜனாதிபதி பிரேமதாசாவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் கிராமங்களுக்குச் சென்றது. அந்தப் பங்கு ஒரு நிச்சயமான சந்தை. போட்டியில் வெல்லாமலே விற்கக்கூடிய காலம் அது. அக்காலத்தில் வன்னி யுத்தத்துக்குள்ளும் பொருளாதாரத் தடைக்குள்ளும் இருந்தது. 2005 ஜனவரி 1 இல் பங்கு முறை முற்றாக ஒழிந்தது. 2009 க்குப் பின்னர்தான் கிளிநொச்சி அறிவியல் நகர் போன்ற இடங்களில் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தன. அவை எழத் தொடங்கிய அதே காலத்தில், 2010 ஓகஸ்டில், மனித உரிமை உடன்படிக்கைகளை நிறைவேற்றவில்லை என்ற காரணத்தால் ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்தியது. 2017 மே மாதம்தான் அது திரும்பக் கிடைத்தது. அதாவது தெற்கில் இத்தொழில் பாதுகாப்புக்குள் வளர்ந்து கையைத் தேற்றிக்கொண்டது, எங்களுக்கு அது வந்து சேர்ந்தபோது பாதுகாப்பு எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

இதில் எங்களுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. பலர் பேசத் தயங்குவதால் நான் எழுதுகிறேன். இச்சலுகை 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பின்பற்றுவதோடு பிணைக்கப்பட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டம் நீடிப்பதைச் சுட்டி 2021 ஜூன் 10 அன்று ஐரோப்பியப் பாராளுமன்றம், சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆராயும்படி தீர்மானம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தால் மிக அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் மக்கள். சலுகை போனால் முதலில் வேலை இழக்கக்கூடியவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருப்பார்கள். நிர்வாகம் ஒன்று எதையாவது மூட நேர்ந்தால் துறைமுகத்துக்குத் தொலைவில் உள்ள கிளையையே முதலில் பார்க்கும் என்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. சலுகையைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுத்தம் கொடுப்பதில்தான் பயன் உண்டு, ஒருமுறை பறித்துவிட்டால் அழுத்தம் கொடுக்கக் கையில் ஒன்றும் இராது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்களைக் குறை சொல்லவில்லை.

இன்னும் ஒரு திகதி முக்கியமானது. பங்களாதேஷ் 2026 நவம்பர் 24 அன்று மிகக் குறைந்த வளர்ச்சியுள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறுவதாக ஐக்கிய நாடுகள் 2021 இல் முடிவு செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் அதன் சலுகையை மேலும் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். அதன்பின் அவர்களும் எங்களைப் போலத் துணியின் மூலத்தைக் காட்டவேண்டி வரும். ஆனால் பின்னல் ஆடைக்கான நூலையும் துணியையும் பெருமளவில் அவர்கள் ஏற்கெனவே உள்நாட்டில் உற்பத்தி செய்கிறார்கள். வியட்நாமுக்கு 2020 ஓகஸ்டிலிருந்து ஐரோப்பாவுடன் சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது, கொரியத் துணியையும் தன் கணக்கில் சேர்க்க அவர்களுக்கு இடமுண்டு. ஆகவே 2029 ஐ நம்பி நாங்கள் சும்மா இருக்க முடியாது.

ஓமந்தையூரான் எழுதியது:

ஆசிரியர் ஐயாவின் கருத்தில் ஒரு சிறு மறுப்பு. 2010 இல் சலுகை போனபோது ஏற்றுமதி சரியவில்லை, பின்வந்த ஆண்டுகளில் கூடியது. பெரிய குழுமங்கள் 9.6 சதவீத வரியைத் தங்கள் இலாபத்திலும் கொள்வனவாளரின் தலையிலும் பகிர்ந்துகொண்டு தாக்குப்பிடித்தன. மூடப்பட்டவை பெரும்பாலும் சிறிய தொழிற்சாலைகள். எனவே வேலை இழப்பவர் யார் என்பது துறைமுகத்தின் தொலைவைவிட, அந்தக் கிளை எந்த முதலாளியுடையது என்பதில் தங்கியிருக்கும்.

தண்ணீரூற்றான் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அக்கா சொன்னபடி பக்கிங் பிள்ளையிடம் கேட்டேன், அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெட்டிகள் போகின்றனவாம். பேருந்து விடயத்தை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாரும் துணியிலேயே வந்து நிற்கிறீர்கள். அப்படியானால் துணி ஆலை ஒன்றை வன்னியிலேயே வைத்தால் என்ன? காணி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள்.

செட்டிகுளத்தார் எழுதியது:

நீர்ப்பாசனத்தோடு தொடர்புடைய வேலையில் இருந்தவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். துணி பின்னுவதற்குப் பெரிதாகத் தண்ணீர் தேவையில்லை. சாயமிடுவதற்குத்தான் தேவை. பழைய முறையில் ஒரு கிலோ பருத்தித் துணியை வெளுத்துச் சாயமிட்டு அலச நூறு லீற்றர் அளவில் தண்ணீர் போகும். நாளொன்றுக்குச் சில தொன் துணி என்றால் பெருக்கிப் பாருங்கள். இரணைமடுத் தண்ணீரைக் குடிநீருக்காக யாழ்ப்பாணம் கொண்டுபோவதற்கே கிளிநொச்சி விவசாயிகள் எவ்வளவு எதிர்ப்புத் தெரிவித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கமக்காரர்கள் கூட்டத்தில் வாதாடும் மாவட்டத்தில், சாய ஆலைக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று யார் கேட்பது? பாவித்த தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இல்லாமல் விட்டால் உப்பும் சாயமும் நேரே நிலத்தடி நீருக்குத்தான் போகும். அரசு மட்டக்களப்பு ஏறாவூரில் துணிப் பதனிடல் வலயம் ஒன்றை அறிவித்ததும் கழிவுநீர் வசதியோடு எல்லா ஆலைகளையும் ஓரிடத்தில் சேர்க்கும் எண்ணத்தில்தான். என் கருத்துப்படி வன்னிக்குப் பொருத்தமானது சாயமிட்ட நூலைக் கொண்டுவந்து பின்னுவது மட்டும். அதற்கு வேண்டியது தடங்கலில்லாத மின்சாரம். 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியதைப் பார்த்தவர்கள், பின்னர் குறைக்கப்பட்டபோதும் அதை நம்பி ஆலை போடத் தயங்குகிறார்கள்.

ஓமந்தையூரான் எழுதியது:

செட்டிகுளத்தார் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கவேண்டும். உள்நாட்டுத் துணிக்கு இப்போது பணப் பிரச்சினையும் வந்திருக்கிறது. முன்பு ஏற்றுமதியாளர் உள்நாட்டில் துணி வாங்கும்போது பெறுமதி சேர் வரியைக் கையால் கட்டாமல் பற்றுச்சீட்டில் தீர்க்கும் இலகு முறை இருந்தது. 2025 ஒக்டோபர் 1 இலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. இனி 18 சதவீதத்தைக் கட்டிவிட்டுத் திருப்பிக் கேட்கவேண்டும். 45 நாட்களுக்குள் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்யும் துணிக்கோ வரி கட்டாமலே உள்ளே கொண்டுவரும் தற்காலிக இறக்குமதித் திட்டம் தொடர்ந்தும் இருக்கிறது. ஆகவே ஐரோப்பிய விதி உள்நாட்டுத் துணியை வாங்கச் சொல்ல, எங்கள் வரி முறை சீனத் துணியை வாங்கச் சொல்கிறது. வங்கியில் மேலதிகப்பற்று எடுத்து நடத்தும் சிறிய தொழிற்சாலை எதைத் தெரிவுசெய்யும் என்று நீங்களே ஊகிக்கலாம்.